அம்மா விழுந்ததை ஏன் சொல்லவில்லை?

தினமும் இரவு 8 மணிக்கு வீடியோ கால். சென்னையில் இருக்கும் மகளுக்கு, கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவின் முகம் மட்டும் திரையில் தெரியும். நெற்றியில் விபூதி, பின்னால் தினசரி காலண்டர். 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மழை வந்துச்சா' என்று ஐந்து நிமிடப் பேச்சு. முகம் எப்போதும் போல நன்றாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் மகள் அதைப் பார்த்தாள். அம்மா குளித்துவிட்டு வந்து தலைப்பைச் சரிசெய்தபோது, முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் கன்றிப்போயிருந்தது. ஓரங்கள் பச்சையும் மஞ்சளுமாக மாறத் தொடங்கியிருந்தன.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்டி" என்றார் அம்மா. அவருக்கு வயது 76.

வீட்டு வேலைக்கு வரும் பெண்தான், கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதாக்கா? போன வாரம் பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. காலையில நான் வர்ற வரைக்கும் தரையிலேயே உட்கார்ந்திருந்தாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

மகளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டதற்கு அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். "சொன்னா நீ என்ன பண்ணுவே? வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுன்னு சொல்லுவே. அந்த மூணாவது மாடியில நான் யார்கூடப் பேசிக்கிட்டு இருக்கறது?"

மகளால் மறுத்துப் பேச முடியவில்லை. அவள் சொல்ல நினைத்திருந்ததே அதைத்தான்.

மறைத்தால் நஷ்டம் யாருக்கு?

விழுந்ததை மறைக்கிற பெரியவர்கள் இல்லாத தெரு இல்லை. 'சறுக்கிடுச்சு', 'தடுமாறிட்டேன்', 'கொசு கடிச்சது' என்று காயத்துக்கு ஏதாவது ஒரு காரணம் தயாராக இருக்கும். அவர்களின் பயம் வலியைப் பற்றியது அல்ல. ஒரு முறை விழுந்தது தெரிந்துவிட்டால் தன் அடுப்பும், தன் வாசலும், தன் சாவியும் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இன்றைக்கு அந்தக் கணக்கு இன்னும் கூடியிருக்கும். உலக அளவில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு 60 வயதைக் கடந்தவர்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. உலகம் முழுவதும் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கோக்ரேன் அமைப்பு 2023-ல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. வீட்டில் வழுக்கும் இடம், தடுக்கும் இடம், இருட்டான இடம் ஆகியவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் விழுவது சுமார் 26 சதவீதம் குறைகிறது. ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைகளுக்குச் சிரமப்படுகிறவர்கள் என்று ஆபத்து கூடுதலாக உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 38 சதவீதம். அப்படி எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள் வீட்டில் இதே வேலையைச் செய்தபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

அதாவது, வீட்டைச் சரிசெய்வதால் யாருக்கு அதிகப் பலனோ, அவர்கள்தான் விழுந்ததை மறைக்கிறார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எதைப் பிடிக்கப் போய் விழுந்தார் என்று அவர் வாயால் சொன்னால்தான் எதை மாற்றுவது என்றே தெரியும். அதைச் சொல்லவைக்க ஒரே வழி, சொன்னால் வீட்டை விட்டுக் கிளப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

மகள் அந்த நம்பிக்கையைக் கொடுத்தாள். "உன்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகல. ஆனா இந்த வீட்டுல நான் கொஞ்சம் கை வைப்பேன். சரியா?"

"நிலைவாசலைத் தவிர எதுல வேணும்னாலும் வை" என்றார் அம்மா.

ராத்திரி 2 மணிப் பயணம்

பழைய காலத்து நீள வீடு அது. திண்ணை, ரேழி, கூடம், சின்ன முற்றம், அதைத் தாண்டிச் சமையலறை, கொல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு பகுதியை மறித்து எப்போதோ கட்டிய குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக இருந்தன.

மகள் உடனே கொத்தனாருக்குப் போன் செய்யவில்லை. அன்று இரவு கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, அம்மா எழுந்து போவதைப் பார்த்தாள். வீட்டைச் சரிசெய்ய நினைக்கிற எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். பகலில் சுற்றிப் பார்த்தால் வீடு ஒழுங்காகத்தான் தெரியும்.

2 மணிக்கு அம்மா எழுந்தார். கட்டில் தாழ்வானது. இரண்டு முறை முயன்று மூன்றாவது முறைதான் எழ முடிந்தது. எழுந்த வேகத்தில் நடக்கத் தொடங்கினார். விளக்கு சுவிட்ச் அறையின் மறுகோடியில், கதவுக்குப் பக்கத்தில். அதுவரை இருட்டில் பீரோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி. காலடியில் பழைய புடவையை முடைந்து செய்த மிதியடி, சிவப்பு சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அறை வாசலில் 3 அங்குல நிலைப்படி. பிறகு கூடத்துத் தூண். முற்றத்து ஓரத்தில் ஒரு வாளி. குளியலறைக்கு ஒரு படி இறக்கம். உள்ளே பளபளக்கும் டைல்ஸ், ஈரத்தோடு.

திரும்பி வந்து படுக்கும்வரை மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் இன்னொன்று தெரிந்தது. அம்மா போன வழியெங்கும் சுவரில் சில இடங்கள் மட்டும் கைபட்டுக் கறுத்திருந்தன. அறை வாசலுக்கு இடதுபக்கம், குளியலறைப் படிக்கு மேலே, கழிப்பறைக்குப் பக்கச் சுவரில். கைப்பிடி எங்கெங்கே தேவை என்பதை அம்மாவின் கை பல வருடங்களாகச் சுவரில் எழுதி வைத்திருந்தது. வெள்ளையடிப்பதற்கு முன்னால் இந்தக் கறைகளைப் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது.

முதலில் வெளிச்சம். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மகளுக்குப் போதுமானதாகத் தெரிகிற விடிவிளக்கு அம்மாவுக்கு இருட்டு. எலெக்ட்ரீஷியன் வந்து கட்டில் தலைமாட்டில் ஒரு டூவே சுவிட்ச் வைத்தார். படுத்தபடியே போடலாம், கதவருகே அணைக்கலாம். கூடத்திலும் தாழ்வாரத்திலும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சின்ன எல்.இ.டி. விளக்குகள். உயரத்தில் வைத்தால் கண் கூசும், கால் வைக்கிற இடம் தெரியாது.

"ராத்திரி பூரா எரிஞ்சா கரண்ட் பில் யார் கட்டறது?" என்றார் அம்மா. அரை வாட் விளக்கு தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்குக் கால் யூனிட்கூட வராது என்று மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். நான்கு விளக்குக்கும் சேர்த்து ஒரு யூனிட்டுக்குள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

கட்டிலின் நான்கு கால்களுக்கும் தச்சர் மரக்கட்டை கொடுத்தார். நடுவில் குழி வெட்டி, கால் நகராமல் உட்காரும்படியான கட்டை. வெறும் செங்கல்லை வைத்து உயர்த்துவது பல வீடுகளில் நடக்கிறது. அது ஒருநாள் நழுவும். எவ்வளவு உயரம் என்பதற்கு எளிய கணக்கு: விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது.

எழுந்ததும் நடக்கிற பழக்கத்தைக் கட்டையால் மாற்ற முடியாது. வயதானவர்கள் பலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அம்மாவுக்கு மகள் சொன்னது இவ்வளவுதான்: "விளக்கைப் போடு. உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை அசை. அப்புறம் எழுந்திரு."

மிதியடிக்குத்தான் பெரிய சண்டை. அப்பாவின் பழைய வேட்டியும் தன் புடவையும் சேர்த்து அம்மாவே முடைந்தவை அவை. தூக்கிப் போடச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. கடைசியில் அவை திண்ணைக்கும் ஊஞ்சலுக்கும் விரிப்பாகப் போயின. நடக்கிற வழியில் ஒன்றுகூட இல்லை. குளியலறை வாசலுக்கு மட்டும் அடியில் ரப்பர் ஒட்டிய ஒரு மிதியடி.

நிலைவாசல் தப்பியது

வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படியை அறுக்கச் சொன்னால் எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டார். சம்மதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டுக்குள் இருக்கிற மற்ற நிலைப்படிகளுக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. படுக்கையறை நிலைப்படியைத் தச்சர் தரைமட்டத்துக்கு அறுத்து எடுத்தார். கதவுக்குக் கீழே விழுந்த இடைவெளியைப் பல்லியும் பூரானும் வராதபடி ஒரு ரப்பர் பட்டை அடைத்தது. அரை நாள் வேலை.

வெளிவாசலில்தான் மகளின் கணக்கு முதலில் தப்பிப்போனது. சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு சாய்தளம் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். சாய்தளத்துக்கு உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு 1-க்கு 12. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். தெருவிலிருந்து வாசலுக்கு மூன்று படி, ஒவ்வொன்றும் 7 அங்குலம், மொத்தம் 21 அங்குலம். அப்படியானால் 21 அடி நீளம் வேண்டும். அந்தத் தெருவின் அகலமே அதற்குப் போதாது. பல வீடுகளில் இந்தக் கணக்குப் பார்க்காமல் நான்கைந்து அடியில் சிமென்ட் சரிவு போட்டுவிடுகிறார்கள். பைக் ஏறும், மழையில் பாட்டி ஏற முடியாது. படியைவிட அது மோசம்.

சாய்தளம் கைவிடப்பட்டது. படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார்கள். ஏறும்போது ஒரு பக்கம் பிடித்தால், இறங்கும்போதும் அதே பலமான கைக்கு ஒரு பிடி வேண்டும் என்பதால் இரண்டு பக்கம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நிறம் மாறித் தெரிகிற பட்டை ஒன்று இருந்தால், படி எங்கே முடிகிறது என்று மங்கலான கண்ணுக்கும் தெரியும். இதற்கு மகள் மஞ்சள் டேப் வாங்கி வந்திருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "காவிப்பட்டை அடிச்சா போதாதா?" என்று கேட்டார். போதும். பண்டிகைக்குப் பண்டிகை படிக்கட்டில் காவியும் வெள்ளையும் அடித்த வழக்கம் கண்ணுக்கு உதவுகிற வழக்கமும்கூட. வழுக்காத பெயின்டில் அதையே நிரந்தரமாக அடித்துவிட்டார்கள்.

பைஃபோகல் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கீழ்ப்பாதி வழியாகப் படி மங்கலாகத் தெரியும். வெளியே நடப்பதற்கென்று தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குளியலறை

செலவும் நேரமும் வாக்குவாதமும் இங்கேதான்.

அம்மா விழுந்தது எப்படி என்று இப்போது அவரே சொன்னார். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழும்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. துண்டு போடுகிற கம்பியைப் பிடித்தார். கம்பி சுவரோடு பிய்த்துக்கொண்டு கையில் வந்துவிட்டது.

துண்டுக் கம்பி ஈரத் துண்டைத் தாங்கத்தான் செய்தது. ஆளைத் தாங்குகிற கைப்பிடி வேறு. ஹார்டுவேர் கடையில் 'கிராப் பார்' என்று கேட்டால் கிடைக்கும். துருப்பிடிக்காத ஸ்டீலில், கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத் தடிமன், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் நுழைய ஒன்றரை அங்குல இடைவெளி. 100 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும், ஏனென்றால் தடுமாறுகிற ஆள் மெதுவாகப் பிடிப்பதில்லை, தொங்குகிறார். உறிஞ்சி ஒட்டுகிற ரப்பர் கிண்ணம் வைத்த கைப்பிடிகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. டைல்ஸில் ஈரம் படப்பட அவை எப்போது விடும் என்று தெரியாது. பெரியவர்கள் வீட்டில் அவற்றுக்கு இடமே இல்லை.

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பழைய சுண்ணாம்புச் சுவரு பெரியம்மா. ஸ்க்ரூ போட்டா உதிர்ந்துரும்." சுவரின் மறுபக்கம் வரை துளை போட்டு, நீள போல்ட்டை ஊடுருவவிட்டு, அந்தப் பக்கம் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார். புது ஃபிளாட்டுகளில் உள்ளே வெற்றிடம் உள்ள கல்லால் கட்டிய சுவராக இருந்தாலும் இதே பிரச்சினை வரும். சுவர் எதனால் ஆனது என்று தெரியாமல் கைப்பிடி மாட்டுவது, துண்டுக் கம்பியை இரண்டாவது முறை மாட்டுவதுபோலத்தான்.

எந்த உயரத்தில்? வெளிநாட்டு அளவுகளில் 33 முதல் 36 அங்குலம் என்று இருக்கிறது. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அவரையே நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்துக் கொத்தனார் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு முன்பே சுவரில் இருந்த கறைக்கு இரண்டு விரல்கடை தள்ளி வந்தது.

இந்தியன் டாய்லெட்டை உடைத்து வெஸ்டர்ன் வைப்பதற்கு அம்மா முதலில் ஒப்பவில்லை. 'உட்கார்ந்த மாதிரியே இருக்காது' என்பது அவர் வாதம். ஒரு வாரம் பழக்கிப் பார்க்க, பழைய தொட்டிக்கு மேலேயே வைக்கிற கமோடு ஸ்டூல் ஒன்றை மகள் வாங்கி வந்தாள். நான்கு காலிலும் ரப்பர் புஷ் உள்ளது, இரண்டு பக்கமும் கை வைக்க இடம் உள்ளது. ஐந்தாம் நாள் அம்மாவே, "உடைக்கறதுன்னா உடைச்சுக்கோ, முட்டி வலி தெரியல" என்றார். புதிதாக வைத்ததன் இருக்கை உயரம் 17 அங்குலம். சாதாரணமாகக் கிடைப்பதைவிட ஒன்றிரண்டு அங்குலம் கூடுதல். அதற்கு மேல் போனால் குள்ளமானவர்களுக்குக் கால் தொங்கும்.

தரையில் பளபளப்பு டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான சின்ன டைல்ஸ் பதித்தார்கள். சின்னதாக இருந்தால் இணைப்புக் கோடுகள் அதிகம், கால் பிடிக்கும். உள்ளே இறங்கும் ஒற்றைப் படியை நிரவித் தரையை உயர்த்தி, தண்ணீர் ஒரே மூலைக்கு ஓடும்படி வாட்டம் கொடுத்தார் கொத்தனார். குளிக்கிற இடம் அந்த மூலை. கமோடு பக்கம் எப்போதும் உலர்ந்திருக்கும். தரையை இப்படிப் பெயர்க்க வசதி இல்லாதவர்கள், துளைகள் உள்ள ரப்பர் விரிப்பைப் போட்டு வாரம் ஒருமுறை பாசி போகத் தேய்த்துக் காயவைத்தாலும் ஓரளவு பயன் உண்டு. தேய்க்காமல் விட்டால் விரிப்பே வழுக்கும்.

வாளியும் குவளையும் அம்மாவுக்கு மாறாது. ஷவர் அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் வாளி ஒரு சிமென்ட் மேடை மேல் ஏறியது. குனிந்து மொள்ளும் வேலை போயிற்று. உட்கார்ந்து குளிக்க, கைப்பிடி உள்ள குளியல் நாற்காலி. வீட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியை இதற்குப் போடுவது ஆபத்து. அதன் கால்கள் ஈரத்தில் விரியும்.

எண்ணெய்க் குளியல் நாள்தான் அந்த அறையின் மிக மோசமான நாள். நல்லெண்ணெய் தரையில் சொட்டும், அதன் மேல் சீயக்காய். அம்மா எண்ணெய்க் குளியலை விட மாட்டார். எண்ணெய் தேய்ப்பது இப்போது கொல்லைத் திண்ணையில், உள்ளங்காலைத் தொடாமல். குளித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதத்தையும் தரையையும் இன்னொரு தரம் கழுவிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வேலை செய்யும் பெண் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து அந்தக் குளியல்.

கெய்சரை 50 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. 60 டிகிரி வெந்நீர் ஐந்து விநாடியில் தோலை வேகவைத்துவிடும். 50-ல் அதற்குச் சில நிமிடம் ஆகும், விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

கடைசியாகக் கதவு. இதை யாரும் யோசிப்பதில்லை. குளியலறைக் கதவு பெரும்பாலும் உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கீலைக் கழற்றி மாற்றி, கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி செய்தார் தச்சர். உள்தாழ்ப்பாளுக்குப் பதிலாக, வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகினால் திறக்கிற பூட்டு.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதில் பாதியைச் செய்ய முடியாது. கமோடைச் சுற்றித் தரையில் நிற்கிற இரும்புச் சட்டம், குளியல் நாற்காலி, ஆள் நடமாட்டத்துக்குத் தானே எரிகிற பேட்டரி விளக்கு, கட்டில் கட்டை ஆகியவற்றுக்குச் சுவரில் ஓட்டை வேண்டாம், காலி செய்யும்போது எடுத்துக்கொண்டும் போகலாம். கைப்பிடிக்கு வீட்டுக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். அவர் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார்.

சமையலறையில் அதிக வேலை இருக்கவில்லை. பரணில் இருந்த பெரிய பாத்திரங்களை இறக்கி, தினமும் எடுப்பவற்றை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலான உயரத்தில் வைத்ததோடு சரி. அம்மா ஏறி நிற்கிற முக்காலியை மகள் கையோடு சென்னைக்கு எடுத்துப் போய்விட்டாள். நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதை உருட்டி மாட்டுவது, சிலிண்டர் கொண்டுவருகிறவர் அல்லது எதிர்வீட்டுத் தம்பியின் வேலை என்று முடிவானது.

ஒரு மணி, ஒரு சாவி

எவ்வளவு செய்தாலும் விழுவது நின்றுவிடாது. விழுந்தபின் தரையிலேயே கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அம்மா அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் இருந்தார். செல்போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது.

ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கினார்கள். மணி ஒலிக்கும் பெட்டி, சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டுக் கூடத்தில். அழுத்துகிற பட்டன் குளியலறையில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். விழுந்து கிடக்கிறவரின் கை எட்டுவது அங்கேதான். வாசல் சாவி ஒன்றும் அதே வீட்டில் இருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் மகளின் எண், குடும்ப டாக்டரின் எண், ஆம்புலன்ஸுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567 என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் இதைக் கேட்கத்தான் அம்மாவுக்குக் கூச்சம். "அவங்களுக்கு ஏன் தொந்தரவு?" என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டார். கேட்டபோது அந்த அம்மா சொன்னார், "எனக்கும் ஒரு பட்டன் உங்க வீட்டுல ஒலிக்கிற மாதிரி வாங்கச் சொல்லுங்க." அவருக்கு வயது 71. இப்போது இரண்டு வீட்டிலும் இரண்டு மணி.

எல்லாம் முடிய மூன்று வாரம் ஆயிற்று. மகள் லீவு போட்டும், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தும் சமாளித்தாள். அவள் சொன்ன எல்லாவற்றையும் அம்மா ஏற்கவில்லை. கைத்தடி மூலையில் நிற்கிறது. விடிகாலைக் கோலத்தைக் குனிந்துதான் போடுகிறார். ஸ்டூலில் உட்கார்ந்து போட்டால் இழை நேராக வரவில்லையாம். கோலத்தைச் சின்னதாக்கிக்கொண்டார், இருட்டு விலகிய பிறகு போடுகிறார், அவ்வளவுதான். மகள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு 8 மணி வீடியோ காலில், கேட்காமலேயே அம்மா சொன்னார். "இன்னைக்குக் கார்த்தால கொல்லைப் படியில கால் தடுமாறிச்சுடி. விழல. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்."

மகள் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "எந்தப் பக்கச் சுவரு?" என்று கேட்டாள்.

அம்மா போனைத் தூக்கிக்கொண்டு மெதுவாகக் கொல்லைக்கு நடந்தார். திரையில் முகம் போய், கூடம், தூண், தாழ்வாரத்து விளக்கு, கடைசியில் துளசி மாடத்துக்கு இறங்கும் இரண்டு படிகள் தெரிந்தன. "இதோ, இந்தப் பக்கம். அந்தக் கொத்தனார் நம்பர் உன்கிட்டதானே இருக்கு?"